மின்கட்டண ரசீதுக்குள் ஒரு பாடத்திட்டம்: அனைத்துலக எரிசக்தி மேற்படிப்பில் என்னதான் கற்றுத்தருகிறார்கள்?

சிங்கப்பூர்ச் செய்திகளில் எரிசக்தி இப்போது அடிக்கடி அடிபடுகிறது. டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்த கரிம வரி 2026, 2027 ஆண்டுகளுக்கு 45 வெள்ளி என்கிறார்கள். லாவோஸ் அணை மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக வந்தது என்கிறார்கள். இந்தோனேசியாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் மின்சாரம் வாங்கத் திட்டம், அணுமின்சாரம் பற்றியும் ஆராய்ச்சி. இந்தச் சூட்டோடு சூடாக, ‘அனைத்துலக எரிசக்தி மேலாண்மையும் கொள்கையும்’ என்ற பெயரிலும் அதை ஒட்டிய பெயர்களிலும் பல்கலைக்கழகங்கள் முதுநிலைப் படிப்புகளை நடத்துகின்றன.

பொறியியல் முடித்து ஜூரோங்கில் வேலை பார்க்கும் இளைஞருக்கும், பிள்ளையின் படிப்புச் செலவைக் கணக்குப் போடும் பெற்றோருக்கும் வரும் முதல் சந்தேகம் ஒன்றுதான். இது பொறியியலா, எம்பிஏவா, சட்டமா?

மூன்றும் கலந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. இந்தப் படிப்பின் உயிர்நாடி ஒப்பந்தம். எரிபொருளை யாரிடம் வாங்குவது, எந்தச் சூத்திரப்படி விலை போடுவது, எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்திடுவது, கப்பல் வராமல் போனால் நட்டம் யார் தலையில் விழும், நடுவில் அரசு விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதெல்லாம்தான் பாடம். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம்

1. எரிசக்தி: எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, மின்சாரம், சூரிய சக்தி, காற்று, அணு எல்லாம் இதில் அடங்கும். படிப்புக்குப் படிப்பு அழுத்தம் மாறும். பழைய படிப்புகளில் எண்ணெய்க்கே முதலிடம். புதியவற்றில் மின்சாரமும் கரிமமும் முன்னால் வந்துவிட்டன.

2. மேலாண்மை: அதிகக் குழப்பம் இந்தச் சொல்லில்தான். ஒரு பொருள், கட்டடத்திலோ ஆலையிலோ மின்சாரம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது. சிங்கப்பூரின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 54 டெராஜூல் அல்லது அதற்குமேல் செலவழிக்கும் தொழில் நிலையங்கள் எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. குளிரூட்டி, பம்பு, கொதிகலன் என்று கையில் மீட்டரோடு நடக்கிற வேலை அது. இன்னொரு பொருள், எரிபொருள் வாங்கல், விற்றல், முதலீடு, விலை அபாயம் ஆகியவற்றை நிர்வகிப்பது. பெயரில் ‘அனைத்துலக’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருள்தான். முதல் வேலையை எதிர்பார்த்து இரண்டாவதில் சேர்ந்துவிட்டால் ஓராண்டும் பெரும்பணமும் போய்விடும்.

3. கொள்கை: வரி, மானியம், உரிமம், சந்தை விதி, பாதுகாப்பு விதி.

4. அனைத்துலக: எல்லை தாண்டும்போது இரண்டு நாட்டுச் சட்டம், இரண்டு நாணயம், இரண்டு அரசியல். அதனால்தான் இது தனிப் படிப்பாகவே நிற்கிறது.

வாங்கிச் சாப்பிடும் நாடு

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் ஒரு துளிகூட இந்த மண்ணில் கிடைப்பதில்லை. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாக வருகிறது. குழாயை மட்டும் நம்பினால் ஆபத்து என்று ஜூரோங் தீவில் எல்என்ஜி முனையம் கட்டி 2013-இல் இயக்கத் தொடங்கினார்கள். எல்என்ஜி என்பது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிவாயு. கப்பலில் ஏற்றி எந்தக் கண்டத்திலிருந்தும் கொண்டுவரலாம்.

இந்த நாட்டில் எரிசக்தி நிபுணர் என்றால் முதலில் நன்றாக வாங்கத் தெரிந்தவர். அதோடு விற்கவும் தெரிய வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூர் உலகிலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம். 2024-இல் மட்டும் ஏறத்தாழ 5.5 கோடி டன் விற்றிருக்கிறது. சிங்கப்பூர் நேரம் மாலை 4.30 மணியை ஒட்டி நடக்கும் பேரங்களை வைத்து பிளாட்ஸ் நிறுவனம் எண்ணெய்ப் பொருள்களின் அன்றைய விலையை மதிப்பிடுகிறது. ஆசியா முழுக்கப் பல ஒப்பந்தங்கள் அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன.

ஒரு யூனிட் மின்சாரத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால்

பாடத்திட்டத்தைப் பட்டியலாகப் படிப்பதைவிட, வீட்டுக்கு வரும் மின்கட்டண ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பது எளிது. சிங்கப்பூரில் மின்சாரத்தை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் எஸ்பி குழுமத்தின் ஒழுங்குமுறைக் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். அதில் நான்கு பகுதிகள்: மின்சாரத்தை உற்பத்தி செய்யும் செலவு, கம்பிவடச் செலவு, மீட்டர் வாசிப்பு, ரசீது போன்ற சேவைக் கட்டணம், மின்கட்டமைப்பையும் சந்தையையும் நடத்தும் கட்டணம். பெரிய பகுதி முதலாவதுதான். அது ஏன் ஏறி இறங்குகிறது?

முதல் படி, எரிவாயுவின் விலைச் சூத்திரம். ஆசியாவில் நீண்டகால எரிவாயு ஒப்பந்தங்கள் பல, எண்ணெய் விலையோடு முடிச்சுப் போடப்பட்டவை. அந்த விலைக்கு உலகச் சந்தையில் ஓர் அளவுகோல் பிரெண்ட் எனும் கச்சா எண்ணெய். உதாரணத்துக்கு, ‘பிரெண்ட் விலையில் 12 விழுக்காடு’ என்று ஒப்பந்தம் இருந்தால், பிரெண்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 80 டாலர் விற்கும்போது ஓர் எம்எம்பிடியு எரிவாயு 9.60 டாலர். இந்த 12 விழுக்காட்டைத் துறையில் ‘ஸ்லோப்’ என்பார்கள். எரிவாயுவை அளக்கும் அலகு எம்எம்பிடியு, அதாவது பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு. எண்ணெய் கிணற்றுக்கும் நம் வீட்டு மின்விசிறிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இருந்தும் மத்தியக் கிழக்கில் பதற்றம் என்றால் இங்கே மின்கட்டணம் ஏறுவது இந்த முடிச்சால்தான்.

இரண்டாவது படி, கொஞ்சம் இயற்பியல். ஓர் எம்எம்பிடியு வெப்பத்தில் 293 யூனிட் சக்தி இருக்கிறது. நல்ல எரிவாயு மின்நிலையம் அதில் பாதிக்குச் சற்று மேல் மின்சாரமாக மாற்றும். 150 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். எரிவாயு 10 டாலர் என்றால் ஒரு யூனிட்டின் எரிபொருள் செலவு 6.7 அமெரிக்கக் காசு. டாலருக்கு 1.30 வெள்ளி என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 9 காசு.

மூன்றாவது படி, கரிம வரி. எரிவாயுவில் ஒரு யூனிட் உற்பத்தி செய்தால் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியேறும். டன்னுக்கு 25 வெள்ளி வரியில் அது யூனிட்டுக்கு 1 காசு. 45 வெள்ளியில் 1.8 காசு. மாதம் 350 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு வித்தியாசம் 2 வெள்ளி 80 காசு. வீடுகளுக்கு யாரும் நேரடியாகக் கரிம வரி போடுவதில்லை. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியேற்றும் நிலையங்களுக்குத்தான் வரி. மின்நிலையம் அதைக் கட்டிவிட்டு விலையில் ஏற்றிவிடுகிறது. 2019-இல் 5 வெள்ளியில் தொடங்கிய இந்த வரி 2030-க்குள் 50 முதல் 80 வெள்ளியாகும் என்று அரசு முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. வரியின் அளவை விட இந்த முன்னறிவிப்புதான் முக்கியம் என்பது என் கருத்து. முப்பது ஆண்டுக்கு ஆலை கட்டுபவருக்கு வேண்டியது நாளைய எண்.

நான்காவது படி, மொத்தச் சந்தை. 2003 முதல் சிங்கப்பூரில் மின்சாரம் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஏலம் போகிறது. ஒரு நாளில் 48 ஏலம். தேக்கா சந்தையில் ஒவ்வொரு கடைக்காரரும் தம் தக்காளியைத் தம் விலைக்கு விற்பார். இங்கே அப்படியில்லை. மலிவாகக் கேட்பவரிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே போய், தேவை நிறையும் இடத்தில் கடைசியாக எடுக்கப்பட்டவர் கேட்ட விலைதான் அந்த அரைமணிக்கு எல்லாருக்கும் அடிப்படை. அதனால், ஒரே ஒரு நிலையம் பழுதானாலும் சில அரைமணிகளுக்கு விலை தாறுமாறாக எகிறும்.

நான்கு படியில் பொருளியல், பொறியியல், வரிக் கொள்கை, சந்தை வடிவமைப்பு எல்லாம் வந்துவிட்டன. முதல் பருவத்துப் பாடங்களும் பெரும்பாலும் இவைதான்.

2021: பாடம் நடந்த ஆண்டு

திறந்த மின்சந்தையை 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் தொடங்கினார்கள். 2019 மே மாதத்துக்குள் தீவு முழுக்க வந்துவிட்டது. வீடுகள் விருப்பப்பட்ட சில்லறை விற்பனையாளரிடம் மின்சாரம் வாங்கலாம். பல வீடுகள் நிலையான விலைத் திட்டத்தில் கையெழுத்திட்டன. ஒப்பந்தக் காலம் முழுக்க ஒரே விலை என்பதால் மக்களுக்கு நிம்மதி.

2021 அக்டோபரில் ஆசியாவின் உடனடிச் சந்தையில் எல்என்ஜி எம்எம்பிடியுவுக்கு 50 டாலரைத் தாண்டியது. மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். எரிபொருள் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 40 காசுக்கு மேல் போகும். உடனடிச் சந்தையில் வாங்கும் எரிவாயு எல்லா மின்சாரத்துக்கும் போவதில்லைதான். ஆனால் ஏலத்தில் கடைசியாக எடுக்கப்படுபவர் விலையை நிர்ணயிக்கிறார் என்பது நினைவிருக்கட்டும். நிலையான விலைக்கு விற்றுவிட்டு, தங்கள் கொள்முதலை அரைமணி ஏலத்துக்கே விட்டுவைத்திருந்த சில்லறை நிறுவனங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சில நிறுவனங்கள் சந்தையை விட்டே வெளியேறின. அவற்றின் வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள். யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை.

இங்கே இரண்டு சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, ஹெட்ஜிங். விற்கும் விலையை உறுதி செய்த அன்றே வாங்கும் விலையையும் உறுதி செய்துவிடுவது. கல்யாணச் சமையலுக்கு ஆள்கணக்குச் சொல்லிப் பணம் வாங்கியவர், அரிசி மளிகையையும் அன்றே விலை பேசி வைப்பது மாதிரி. மற்றொன்று, கடைசிப் புகலிடம். சந்தையில் யார் விழுந்தாலும் வாடிக்கையாளரைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவைப்பது. முதலாவது மேலாண்மை, இரண்டாவது கொள்கை. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்த அக்டோபர் இன்னும் மோசமாகியிருக்கும். அதன் பிறகு எரிசக்திச் சந்தை ஆணையம் அவசரகால எல்என்ஜி கையிருப்புக்கு வழி செய்தது. மொத்தச் சந்தை விலைக்குத் தற்காலிக உச்சவரம்பு 2023-இல் வந்தது. மின்நிலையங்களுக்கு வேண்டிய எரிவாயுவை மையமாக வாங்கத் தனி நிறுவனமும் அமைக்கப்பட்டது.

ஒப்பந்தம் தவறினால்: தாபோல் கதை

மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்நிலையம் இந்தத் துறையில் இன்றும் பேசப்படும் வழக்கு. அமெரிக்காவின் என்ரான் முன்னின்று கட்டிய நிலையம். மின்சாரம் வாங்க மாநில மின்வாரியம் 1993-இல் ஒப்பந்தம் போட்டது. விலை டாலரோடு கட்டப்பட்டிருந்தது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்துக்கான கட்டணம் தர வேண்டும் என்றும் இருந்தது. நடுவில் ஆட்சி மாறியது, ஒப்பந்தம் ரத்தானது, பிறகு திருத்தி எழுதப்பட்டது. 1999-இல் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. ரூபாய் சரிந்தது, எரிபொருள் விலை ஏறியது, வாரியத்தால் கட்ட முடியவில்லை. 2001-இல் நிலையம் நின்றது.

இதில் இயந்திரக் கோளாறு பெரிதாக எதுவும் இல்லை. நாணய மாற்று அபாயம், எரிபொருள் விலை அபாயம், தேவை குறையும் அபாயம் என்று மூன்றையும் வாங்குபவர் தலையிலேயே கட்டியதுதான் கோளாறு. வாங்குபவர் முறிந்தால் விற்பவருக்கும் பணம் வராது. பொறியாளர் இந்தக் கோப்பைப் படித்தால் நிலையத்தின் திறனைப் பார்ப்பார். இந்தப் படிப்பு படித்தவர் முதலில் கட்டணப் பிரிவைப் புரட்டுவார், அடுத்தது தகராறு தீர்க்கும் பிரிவு. சிங்கப்பூருக்கு இந்த இரண்டாவது பிரிவிலும் பங்குண்டு. 1991-இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்ற நிலையத்துக்கு வரும் வழக்குகளில் எரிசக்தி வழக்குகளும் உண்டு.

லாவோஸ் மின்சாரம் உண்மையில் எப்படி வந்தது?

2022 ஜூன் 23 அன்று லாவோஸ்-தாய்லாந்து-மலேசியா-சிங்கப்பூர் திட்டம் தொடங்கியது. அப்போது அளவு அதிகபட்சம் 100 மெகாவாட். சிங்கப்பூரின் உச்சத் தேவை 8,000 மெகாவாட்டை ஒட்டியது என்பதால், இது நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல். சின்ன எண்தான். ஆனால் நான்கு நாடுகள் சேர்ந்து மின்சாரத்தைக் கைமாற்றியது ஆசியானில் அதுவே முதல்முறை. புதிதாகக் கம்பி எதுவும் போடவில்லை. ஏற்கெனவே இருந்த இணைப்புகளையே பயன்படுத்தினார்கள்.

வேலையெல்லாம் காகிதத்தில் நடந்தது. அங்கே எழுந்த கேள்விகள்:

1. தாய்லாந்தும் மலேசியாவும் தங்கள் கம்பியைப் பயன்படுத்தவிட எவ்வளவு கூலி கேட்கலாம்? இதற்கு ‘வீலிங் கட்டணம்’ என்று பெயர்.

2. வழியில் வீணாகும் மின்சாரம் யார் கணக்கில் போகும்?

3. தாய்லாந்தில் திடீர்ப் பற்றாக்குறை வந்தால், வழிப்போக்கு மின்சாரத்தை அவர்கள் நிறுத்தலாமா?

4. மின்சாரம் இயற்பியல் விதிப்படி ஓடுமே தவிர ஒப்பந்தப்படி ஓடாது. அணையில் பிறந்த மின்சாரம்தான் ஈசூனில் விளக்கெரித்தது என்று யாராலும் காட்ட முடியாது. அப்படியிருக்க, இது தூய மின்சாரம் என்று எந்தச் சான்றிதழை வைத்துச் சொல்வது, இரண்டு நாடுகள் ஒரே சான்றைக் கணக்கில் காட்டாமல் எப்படித் தடுப்பது?

2035-க்குள் சுமார் 6 கிகாவாட் இறக்குமதி என்பது சிங்கப்பூரின் இப்போதைய இலக்கு. 100 மெகாவாட்டுக்கே இத்தனை கேள்வி என்றால் அதன் அறுபது மடங்குக்கு எத்தனை பேர் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும்? இந்த மேற்படிப்புக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம். அணுமின்சாரத்திலும் இதே நிலைதான். கட்டுவதா வேண்டாமா என்ற முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. அதற்கு முன்பே, அமெரிக்காவுடன் ‘123 உடன்பாடு’ எனும் அமைதிவழி அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடு 2024 ஜூலையில் கையெழுத்தாகிவிட்டது.

எங்கே படிப்பது?

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் எரிசக்தி, பெட்ரோலியம், கனிமச் சட்டத்துக்கான மையத்தை 1977-இல் தொடங்கியது. வடகடல் எண்ணெய் பொங்கிய காலம் அது. அங்கே சட்ட வாசம் தூக்கலாக இருக்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் தொழில்நுட்ப மாற்றமும் கலந்த எரிசக்திக் கொள்கைப் படிப்பு பெயர்பெற்றது. இந்தியாவில் டேராடூனின் பெட்ரோலிய, எரிசக்திப் பல்கலைக்கழகம் 2003-இல் தொடங்கியது, அதன் சாய்வு தொழில் நிர்வாகம். சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மின்சக்திப் பொறியியல் முதுநிலை முழுக்கத் தொழில்நுட்பம். லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியில் கொள்கைதான் முதன்மை, எரிசக்தி அதில் ஒரு பகுதி. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் எரிசக்தி ஆய்வுக் கழகம் 2007 முதல் இயங்குகிறது. அது ஆய்வு நிலையம், பட்டத்துக்கான வகுப்பறை என்று நினைத்துவிட வேண்டாம்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை என்று நான் கருதுவன:

1. கட்டாயப் பாடங்களில் திட்ட நிதியும் ஒப்பந்தச் சட்டமும் இருக்கின்றனவா? விருப்பப் பாடத்தில் மட்டும் இருந்தால் நேரம் கிடைக்காமல் தவறிப்போகும்.

2. மாணவரே எக்ஸெலில் ஒரு மின்நிலையத்தின் இருபது ஆண்டு வரவு செலவைக் கட்டிப் பார்க்கும் பயிற்சி உண்டா? வேலைக்கு எடுப்பவர்களுக்கு இது வேண்டும்.

3. எடுத்துக்காட்டுகள் எந்த ஊருடையவை? ஐரோப்பாவில் எரிவாயுவுக்கென்றே பெரிய சந்தை உண்டு, விலை அங்கேயே பிறக்கிறது. ஆசியாவில் எண்ணெயோடு கட்டிய ஒப்பந்தங்கள் இன்னும் நிறைய. ஐரோப்பாவை மட்டும் படித்தவர் இங்கே வந்ததும் பாதியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

4. படிப்பவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்? பொறியாளருக்குப் பொருளியல் அடிப்படை முதலில் தேவை. வணிகம் படித்தவருக்கு வெப்பம், திறன், அலகுகள் பற்றிய பாடம் தேவை. மெகாவாட்டையும் மெகாவாட்-மணியையும் குழப்பிக்கொள்பவர் முதல் வாரத்திலேயே தடுமாறுவார்.

வேலைப் பக்கம் பார்த்தால், எண்ணெய், எரிவாயு வணிக நிறுவனங்கள், மின்உற்பத்தி நிறுவனங்கள், திட்டங்களுக்குக் கடன் தரும் வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், அரசு அமைப்புகள் என்று இடங்கள் உண்டு. அனுபவம் இல்லாமல் பட்டத்தை மட்டும் கொண்டுபோனால் வணிகப் பிரிவில் நேராக இடம் கிடைப்பது கடினம். ஆலையிலோ துறைமுகத்திலோ இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு, அப்புறம் இதைப் படிப்பவருக்குக் கை ஓங்கியிருக்கும். அந்த வகையில் ஜூரோங் தீவில் ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் இல்லை. குழாயில் அழுத்தம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும் முன் செலவில்லாமல் ஒரு பரீட்சை எழுதிப் பார்க்கலாம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதக் கடைசியில் அடுத்த காலாண்டின் மின்கட்டண அறிவிப்பு வரும். அதோடு முந்தைய மூன்று அறிவிப்புகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதங்களின் பிரெண்ட் விலையையும் டாலர் மதிப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். கட்டணம் ஏன் ஏறியது அல்லது இறங்கியது என்று ஒரு பக்கத்தில் உங்கள் சொந்த வார்த்தையில் விளக்கிப் பாருங்கள். மேலே சொன்ன நான்கு படிகளும் அதற்குப் போதும்.